உளவு நாவலும் பேச்சுப் பக்கமும்

விக்கிப்பீடியாவில் ஒரு நாவலைப் பற்றிய பக்கத்தைத் திறப்பவர்களில் பெரும்பாலோர் மேலே இருக்கும் ‘பேச்சு’ என்ற தாவலைத் தொடுவதே இல்லை. வெளியான ஆண்டு, நாயகனின் பெயர், படமாக வந்ததா இல்லையா என்று வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். அந்தக் கட்டுரை உருவான கதை பேச்சுப் பக்கத்திலும், அருகிலேயே இருக்கும் ‘வரலாறு’ தாவலிலும் கிடக்கிறது. எந்த வரியை யார் எப்போது சேர்த்தார், யார் நீக்கினார், நீக்கியவரிடம் சேர்த்தவர் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது, எல்லாம் அங்கே திறந்தே இருக்கிறது. இலக்கியத்தில் அக்கறை உள்ளவர்கள் கட்டுரையோடு சேர்த்து அவசியம் படிக்க வேண்டியது அது. உளவு நாவல்களைப் பற்றிய கட்டுரைகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ஏனென்றால், பெயர் பெற்ற உளவு நாவலாசிரியர்களில் பலர் உளவுத் துறையிலேயே வேலை பார்த்தவர்கள். சாமர்செட் மாம் முதல் உலகப் போரின்போது சுவிட்சர்லாந்திலும், 1917இல் பெட்ரோகிராடிலும் பிரிட்டிஷ் உளவுத் துறைக்காக இயங்கினார். 1928இல் வந்த ‘ஆஷென்டன்’ அந்த அனுபவத்தின் விளைச்சல். கிரகாம் கிரீன் இரண்டாம் உலகப் போரில் சியரா லியோனில் எம்.ஐ.6 அதிகாரியாக இருந்தார். இயன் ஃபிளெமிங் பிரிட்டிஷ் கடற்படையின் உளவுப் பிரிவில் அதன் இயக்குநருக்கு உதவியாளர். ஜான் லெ காரே எம்.ஐ.5, எம்.ஐ.6 இரண்டிலும் சம்பளம் வாங்கியவர். உங்கள் நாவல் எப்படிப் பிறந்தது என்று இவர்களைக் கேட்டால் வரும் பதிலை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. நடந்ததைச் சொல்ல அரசு இரகசியச் சட்டம் விடாது. அதற்கும் மேல், இவர்கள் தேர்ந்த கதைசொல்லிகள். பேட்டி எடுக்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது.

ஃபிளெமிங்கின் முதல் நாவலான ‘கேசினோ ராயல்’ 1953 ஏப்ரல் 13இல் ஜொனாதன் கேப் வெளியீடாக வந்தது. ஜேம்ஸ் பாண்ட், எதிரியின் பணம் முழுவதையும் சீட்டாட்ட மேசையில் பறித்து அவனை ஓட்டாண்டியாக்குவதுதான் கதையின் மையம். இந்தக் காட்சிக்கு மூலம் என்ன? 1941 மே மாதம் ஃபிளெமிங் தன் மேலதிகாரி அட்மிரல் ஜான் காட்ஃப்ரேயுடன் அமெரிக்கா போகும் வழியில் லிஸ்பனில் தங்கினார். பக்கத்தில் எஸ்தோரில் சூதாட்ட விடுதி. அங்கே ஜெர்மன் உளவாளிகளோடு சீட்டாடி அவர்களுடைய பணத்தைக் காலி செய்யப் பார்த்ததாகவும், கடைசியில் தானே தோற்றதாகவும் ஃபிளெமிங் பின்னாளில் சொல்லிவந்தார். கேட்க அருமையான கதை. ஒரு ரசிகர் கட்டுரையில் முதலில் எழுதும் வரி இப்படித்தான் இருக்கும்: ‘1941இல் நாஜி உளவாளிகளுடன் ஃபிளெமிங் ஆடிய சூதாட்டமே இந்நாவலாக உருவெடுத்தது.’

சீராய்வுக்கு வருபவர் இந்த வரியில் நிற்பார். யார் சொன்னது? ஃபிளெமிங் சொன்னார் என்றால், ‘ஃபிளெமிங் சொன்னபடி’ என்ற இரண்டு சொற்கள் வரிக்குள் வர வேண்டும். உடன் இருந்த வேறு யாராவது இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்களா? சொல்லியிருக்கிறார். அன்றிரவு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் போர்ச்சுகீசிய வியாபாரிகள்தான், அவர்களை ஜெர்மானியர்களாகக் கற்பனை செய்துகொண்டது ஃபிளெமிங் என்பது காட்ஃப்ரேயின் சாட்சியம். இப்போது ஒரு வரி மூன்று வரியாகிறது. பயணம் நடந்தது, ஃபிளெமிங் இப்படிச் சொன்னார், காட்ஃப்ரே அப்படிச் சொன்னார். எது உண்மை என்று கட்டுரை தீர்ப்புச் சொல்லாது. ஆனால் இந்த மூன்று வரியைப் படிக்கும் வாசகருக்கு ஃபிளெமிங் என்ற மனிதரைப் பற்றிக் கிடைப்பது, அந்த ரசிகரின் ஒற்றை வரியில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். எதிரே இருந்த வியாபாரிகளில் எதிரியைப் பார்த்தவர்தான் அடுத்த பத்துச் சொச்சம் ஆண்டுகளில் ஜேம்ஸ் பாண்டை எழுதினார். சந்தேகப்பட்ட சீராய்வாளர் நாவலுக்கு அருகில் நம்மைக் கொண்டுபோய்விட்டார். விமர்சகர்கள் செய்ய வேண்டிய வேலை இது.

லெ காரே விஷயத்தில் இது இன்னும் சிக்கல். அவருடைய சொந்தப் பெயர் டேவிட் கார்ன்வெல். பணியில் இருந்தபடியே எழுதியதால் புனைபெயர் தேவைப்பட்டது. அந்தப் பிரெஞ்சுப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். லண்டனில் பேருந்தின் மாடியிலிருந்து ஒரு கடையின் பெயர்ப் பலகையில் பார்த்ததாகச் சொன்னார். பல ஆண்டுகள் அது அப்படியே அச்சேறியது. பிறகு ஒரு நாள் அவரே, கேட்டுக் கேட்டுத் துளைத்ததால் அந்தக் கடையைக் கற்பனை செய்து சொன்னேன், உண்மையில் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது என்று ஒப்புக்கொண்டார். கடைக் கதைக்கு அச்சில் சான்று இருக்கிறது. மறுப்புக்கும் இருக்கிறது. முதல் சான்றோடு நிறுத்திக்கொண்ட கட்டுரை, அடிக்குறிப்பு சுத்தமாக இருந்தும், தவறான தகவலைத்தான் கொடுக்கும். அடிக்குறிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சீராய்வு போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அவருடைய மூன்றாவது நாவல், ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்’, 1963இல் வந்தது. பெர்லின் சுவர் எழுந்து இரண்டே ஆண்டுகள். அப்போது அவர் மேற்கு ஜெர்மனியில் தூதரக அதிகாரி என்ற போர்வையில் எம்.ஐ.6இல் இருந்தார். கையெழுத்துப் பிரதியைத் துறை படித்துப் பார்த்தே அனுமதித்தது. முழுக்கப் புனைவு, ஆகவே இரகசியம் எதுவும் வெளியே போகவில்லை என்பதுதான் அனுமதித்ததற்குக் காரணம் என்று லெ காரே பின்னாளில் எழுதினார். உலகப் பத்திரிகைகளோ, உள்ளே இருந்தவர் உண்மையைக் கொட்டிவிட்டார் என்று எழுதின. இது உண்மைக் கதையா, புனைவா? கட்டுரையாசிரியர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வரலாறு போய்விடும். புனைவு என்று அனுமதிக்கப்பட்ட நூல் உண்மை என்று வாசிக்கப்பட்டது. அந்த வாசிப்பே நாவலின் புகழுக்கு ஒரு காரணம். இதைச் சொல்லத் தெரிந்த பத்தியை ஒரே ஆள் ஒரே அமர்வில் எழுதுவது அபூர்வம். எழுதியதை இன்னொருவர் கேள்வி கேட்டு, அதற்காக மூன்றாமவர் பழைய நாளிதழைத் தேடி எடுத்துக் கொடுத்து, அப்படித்தான் அது உருவாகிறது.

ஆங்கில விக்கிப்பீடியாவில் ‘நல்ல கட்டுரை’ என்றும், அதற்கு மேலே ‘சிறப்புக் கட்டுரை’ என்றும் தர நிலைகள் உண்டு. முதலாவதற்கு ஒரு சீராய்வாளர் போதும். இரண்டாவதற்குப் பலர் வந்து வரிவரியாகப் பார்ப்பார்கள். ஒருவர் நடையைப் பார்ப்பார். ஒருவர் அடிக்குறிப்புகளில் சிலவற்றை எடுத்து, மூல நூலைத் திறந்து, அந்தப் பக்கத்தில் உண்மையிலேயே அது இருக்கிறதா என்று சரிபார்ப்பார். அட்டைப் படத்தின் காப்புரிமையைப் பார்க்கத் தனியாக ஒருவர். ஃபிளெமிங்கின் பாண்ட் நாவல்கள் சில இந்தச் சோதனைகளைக் கடந்து சிறப்புக் கட்டுரைகளாகியிருக்கின்றன. யாருக்கும் காசு இல்லை. கட்டுரையின் அடியில் பெயரும் வராது.

எந்தப் பதிப்பு என்ற கேள்வியும் இங்கே முக்கியம். 2023இல் ஃபிளெமிங்கின் நூல்களை அவருடைய குடும்ப நிறுவனம் மறுபதிப்பு செய்தபோது, கறுப்பின மக்களைக் குறித்த சில சொற்களும் பத்திகளும் மாற்றப்பட்டன. ஆகவே ‘லிவ் அண்ட் லெட் டை’ நாவலில் உள்ள இனவெறுப்பைப் பற்றி எழுதுபவர் எந்த ஆண்டுப் பதிப்பைக் கையில் வைத்திருக்கிறார் என்று சொல்லாவிட்டால், சரிபார்க்க வருபவர் புதிய பதிப்பைத் திறந்துவிட்டு, அப்படி எதுவும் இல்லையே என்று அந்த வரியை நீக்கிவிடக்கூடும். பதிப்பு விவரம் கேட்பதைச் சிலர் குமாஸ்தா வேலை என்று ஒதுக்குகிறார்கள். ஒரு நூலில் அது எழுதப்பட்ட காலம் விட்டுச்சென்ற தடத்தைக் காப்பாற்றுவது அந்த வேலைதான்.

கதைச் சுருக்கத்தில்தான் சண்டை அதிகம். நாவல்களுக்கு 400 முதல் 700 சொற்களுக்குள் கதையைச் சொல்லச் சொல்கிறது ஆங்கில விக்கியின் வழிகாட்டல். உளவு நாவலில் ஒவ்வொரு அத்தியாயமும் முந்தையதைக் கவிழ்க்கும். அதைச் சுருக்குபவர், வாசகர் எந்த வரிசையில் ஏமாற்றப்பட்டாரோ அந்த வரிசையில் சொல்வதா, நடந்த உண்மையை நேராகச் சொல்வதா என்று முடிவு செய்தாக வேண்டும். முடிவையும் மறைக்க முடியாது. 2007க்கு முன்பு ‘இனி வருவது கதையின் முடிவை வெளிப்படுத்தும்’ என்று எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். பிறகு அதை எடுத்துவிட்டார்கள். அகதா கிறிஸ்டியின் ‘தி மௌஸ்டிராப்’ நாடகத்தில் கொலையாளி யார் என்பதை விக்கிப்பீடியா வெளியிட்டதற்கு 2010இல் அவருடைய குடும்பத்தினரிடமிருந்து எதிர்ப்பு வந்தும் வரி நீக்கப்படவில்லை. அந்த முடிவு சரி என்பதே எங்கள் நிலை. கலைக்களஞ்சியம் விளம்பரத் துண்டறிக்கை அல்ல. லெ காரேயின் நாவல் சுவரடியில் எப்படி முடிகிறது என்பதைச் சொல்லாமல் அந்த நாவலின் அறக் கேள்வியைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.

வரவேற்பைப் பற்றிய பகுதி ரசிகருக்குத்தான் கடினம். பாண்ட் நாவல்களை நேசிப்பவர், ‘டாக்டர் நோ’ வந்தபோது 1958இல் நியூ ஸ்டேட்ஸ்மன் இதழில் பால் ஜான்சன் எழுதிய கடுமையான தாக்குதலையும் சேர்க்க வேண்டும். அதே நாவல்களின் கதையமைப்பை உம்பர்த்தோ எக்கோ நிதானமாகப் பிரித்துக் காட்டியதையும் சேர்க்க வேண்டும். தனக்குப் பிடித்த நூலுக்கு எதிரான வலுவான வாதத்தை, நூலை எதிர்ப்பவரே ஒப்புக்கொள்ளும்படி நேர்மையாக எழுதித் தருவது எத்தனை பேரால் முடியும்? நமது இலக்கியச் சூழலில் இது மிக அரிது. அணி சேர்ந்து எழுதிப் பழகிவிட்டோம்.

இந்த முறையின் குறையையும் சொல்ல வேண்டும். விக்கிப்பீடியா அச்சில் வந்ததைத்தான் நம்பும். அச்சில் வந்தவரே விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதியிருந்தால் பொய் ஒரு சுற்றுச் சுற்றி வந்து சான்றாக உட்கார்ந்துவிடும். நிபுணர் ஒருவர் தனக்கு நேரில் தெரிந்ததைச் சொன்னாலும், வெளியான சான்று எங்கே என்று கேட்பார்கள். மனம் நொந்து விலகிய அறிஞர்கள் உண்டு. அவர்களுடைய வருத்தம் நியாயமானது. ஆனாலும் வேறு வழி என்ன என்று பார்த்தால், விக்கிப்பீடியாவுக்கு முந்தைய நியூபீடியா நினைவுக்கு வருகிறது. 2000இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நிபுணர்கள் ஏழு கட்டங்களாகச் சரிபார்த்த பிறகே கட்டுரை வெளியாகும். வாசலிலேயே அத்தனை காவல் இருந்ததால் உள்ளே வந்தவை மிகச் சில. 2003இல் மூடினார்கள். முதலில் வெளியிடு, பிறகு எல்லோரும் சேர்ந்து பார்ப்போம் என்ற முறையே நிலைத்தது. பார்ப்பதற்கு ஆள் இருக்கும்வரைதான் அந்த முறைக்கு மதிப்பு.

தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியதும் அதே 2003இல்தான். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் கொண்டுவந்த கலைக்களஞ்சியத்துக்கு வல்லுநர்களும் நிதியும் இருந்தன. இங்கே தன்னார்வலர்கள் மட்டும். அவர்கள் செய்திருப்பது பெரிய காரியம். ஆனால் தமிழ் நாவல்களைப் பற்றிய பக்கங்களில் பல ஆசிரியர் பெயர், பதிப்பகம், கதைச் சுருக்கம் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. வெளிவந்த காலத்தில் அந்த நாவலை யார் பாராட்டினார், யார் திட்டினார் என்ற பகுதி வெறுமையாக இருக்கிறது. பேச்சுப் பக்கத்தைத் திறந்தால் அதுவும் வெறுமை. துப்பறியும் நாவல்களின் நிலை இன்னும் மோசம். துப்பறியும் நாயகன் சங்கர்லாலின் கதைகளை ஒரு தலைமுறையே படித்தது. அந்த வாசிப்பைப் பற்றி எழுதப்பட்டது மிகக் கொஞ்சம், அதிலும் கைக்கு எட்டுவது இன்னும் கொஞ்சம்.

ஃபிளெமிங்கைப் பற்றி எழுதுபவருக்குப் பழைய ஆங்கில நாளிதழ்கள் நூலகச் சந்தாவில் கிடைக்கின்றன. தமிழில் அந்த மதிப்புரைகள் சிற்றிதழ்களில்தான் வந்தன. 1959இல் தொடங்கிய சி. சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ போன்ற சில இதழ்களுக்குத் தொகுப்புகள் கிடைத்தன. ஐந்தாறு இதழ்களோடு நின்றுபோனவை வாசகர்களின் வீட்டு அலமாரிகளிலும் பரண்களிலும் இருக்கின்றன. இந்த இதழின் வாசகர்கள் பலரிடம் அவை இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

புதுக் கட்டுரை எழுதச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை. உங்களிடம் இருக்கும் பழைய இதழ் ஒன்றை எடுங்கள். அதில் மதிப்புரை வந்திருக்கும் நாவலின் விக்கிப் பக்கத்தைத் திறந்து, பேச்சுப் பக்கத்தில் இதழின் பெயர், மாதம், ஆண்டு, பக்க எண், மதிப்புரை எழுதியவர் பெயர், அவர் சொன்னதன் சாரம் ஆகியவற்றை எழுதுங்கள். கட்டுரையில் ஆதாரம் இல்லாத வரி ஏதாவது கண்ணில் பட்டால், யார் சொன்னது என்று அங்கேயே கேளுங்கள். கணக்குத் தொடங்காமலேயே இதைச் செய்யலாம்.

ஆசிரியர் குழு