கடலுக்கும் ஒரு டெசிபல் வரம்பு வேண்டும்

பாம்பன் புதிய ரயில் பாலத்துக்காகக் கடல் தரைக்குள் 333 பைல்கள் (அடித்தளத் தூண்கள்) இறக்கப்பட்டன. 2025 ஏப்ரல் 6 அன்று பாலம் திறக்கப்பட்டு, மதுரைக் கோட்டத்தின் ரயில்கள் மறுபடியும் ராமேசுவரம் வரை ஓடுகின்றன. தென் மாவட்டங்கள் காத்துக் கிடந்து பெற்ற பாலம் அது. அதே கடலில் அடுத்த வேலைகளும் வரிசையில் நிற்கின்றன. ராமேசுவரம்–தலைமன்னார் பயணிகள் கப்பலை விரைவில் மீண்டும் விட இந்தியாவும் இலங்கையும் 2024 டிசம்பரில் இசைந்தன. அதற்கு இறங்குதுறை வேண்டும். கடல் காற்றாலைக்காக மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்த 1,000 மெகாவாட்டில் பாதி தமிழகக் கடலுக்கு உரியது. இவையெல்லாம் பெரும்பாலும் பைல் மீதுதான் நிற்கும். பைல் அடிக்கும்போது தண்ணீருக்குள் எழும் ஓசைக்கு மட்டும் நம் சட்டத்தில் எண்ணால் எழுதிய வரம்பு கிடையாது.

தரையில் நிலைமை வேறு. மதுரை கே.கே. நகர் போன்ற குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரையறுக்கின்றன. அடுக்குமாடிக் கட்டடத்துக்கு நள்ளிரவில் பைல் போட்டால், பக்கத்து வீட்டுக்காரர் அந்த எண்ணைக் காட்டிப் புகார் கொடுக்கலாம். கடலடி ஓசை பற்றிய வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கோ பசுமைத் தீர்ப்பாயத்துக்கோ போனால், மீறல் நடந்ததா இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்க்க எண்ணே இல்லை.

தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும். காற்றில் ஓடுவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். தேய்வதும் குறைவு. தரை டெசிபலையும் கடல் டெசிபலையும் நேராக ஒப்பிடக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: காற்றில் 20 மைக்ரோபாஸ்கல் அழுத்தமும், நீரில் 1 மைக்ரோபாஸ்கல் அழுத்தமும் அளவின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றன. ஆகவே 55 என்ற எண்ணை அப்படியே கடலுக்குப் பெயர்த்துவிட முடியாது. கடலுக்குத் தனி அளவுகோல் தேவை.

அந்தக் கடலில் இருப்பவை எவை? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு, கலங்கிய நீரில் தாயும் கன்றும் கீச்சொலியால் தொடர்பு வைத்துக்கொள்ளும் உயிர். ஓங்கில்கள் (டால்பின்கள்) எதிரொலியைக் கொண்டே வழியும் இரையும் காண்கின்றன. டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் காற்றாலைக்குப் பைல் அடித்தபோது கடற்பன்றிகள் சுமார் 18 கிலோமீட்டர் தொலைவு வரை விலகிப்போனது பதிவாகியிருக்கிறது. மிக அருகில் இருக்கும் மீனுக்குக் காற்றுப்பையே கிழியலாம். கண்மாய் மீன்பிடித் திருவிழாவில் தண்ணீரை அடித்து மீனை விரட்டுவதைப் பார்த்தவர்களுக்கு, மீன் ஓசைக்கு அஞ்சும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஓசையை அடக்கும் வழிகள் உண்டு. முதல் வழி, சுத்தியலால் அடிக்காமல் துளையிட்டு பைல் போடுவது. அதிலும் மண் சரியாமலிருக்க இரும்புக் குழாயைப் பெரும்பாலும் இறக்கியாக வேண்டும். அதை அடிப்பதைவிட அதிர்வுக் கருவியால் இறக்கினால் திடீர் அதிர்ச்சி குறையும். அடித்தே தீர வேண்டிய இடத்தில், துளையிட்ட குழாய்களைக் கடல் தரையில் பைலைச் சுற்றிப் போட்டு அழுத்தக் காற்றைச் செலுத்துவார்கள். எழும் குமிழித் திரை ஒலியைச் சிதறடிக்கும். ஆழம் குறைந்த பாக் விரிகுடாவுக்கு இது ஏற்றது, செலவும் குறைவு. ஆனால் நீரோட்டம் வேகமான பாம்பன் கால்வாயில் குமிழிகள் அடித்துச் செல்லப்படும். அங்கே பைலைச் சுற்றி உறையோ, நீரை இறைத்து வெளியேற்றிய தடுப்போ வேண்டும். இடத்துக்கு ஏற்ற முறை எது என்பதைத் திட்ட அறிக்கையிலேயே எழுதச் செய்ய வேண்டும். ஒப்பந்தக்காரர் வேலை நேரத்தில் முடிவு செய்யும் விஷயமாக அதை விடக் கூடாது.

இதனால் வேலை தாமதமாகும், செலவு ஏறும் என்ற வாதம் வரும். ஜெர்மனி, பைலிலிருந்து 750 மீட்டர் தொலைவில் ஓர் அடியின் ஒலி ஆற்றல் 160 டெசிபலையும் உச்ச அழுத்தம் 190 டெசிபலையும் தாண்டக் கூடாது என்று விதித்தது. தொடக்கத்தில் நிறுவனங்கள் திணறின. பிறகு இரட்டைக் குமிழித் திரை அங்கே அன்றாட நடைமுறையானது. அந்த விதிக்குள்ளேயே அந்த நாட்டின் கடல் காற்றாலைத் திறன் 8,000 மெகாவாட்டைத் தாண்டியது. ஹாங்காங் 1996-லேயே விமான நிலைய எரிபொருள் இறங்குதுறை வேலையில் ஓங்கில்களுக்காகக் குமிழித் திரையைப் பயன்படுத்திப் பார்த்தது. அப்போது குறைந்தது சில டெசிபல்தான். ஆனாலும் 10 டெசிபல் குறைந்தால் ஒலி ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பதால், சில டெசிபலையும் அற்பமென்று தள்ள முடியாது.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஜெர்மனியைப்போல ஒரு வரம்பை அறிவிக்க வேண்டும். அதுவரை காத்திராமல், மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா திட்டங்களுக்கான பரிந்துரையில் அதை நிபந்தனையாகச் சேர்க்கலாம். அடி தொடங்குமுன் 30 நிமிடம் 500 மீட்டர் ஆரத்துக்குட்பட்ட பரப்பைக் கண்காணிப்பது, பிறகு குறைந்த விசையில் தொடங்கி 20 நிமிடமாவது எடுத்துப் படிப்படியாகக் கூட்டுவது ஆகிய பிரிட்டன் நடைமுறைகளுக்குப் பெரிய செலவே இல்லை. ஓசையை அளக்கும் திறன் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்திடம் இருக்கிறது.

மீன் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. கடலோரக் குடும்பங்கள் வருமானத்தை இழந்து அதைச் சகித்துக்கொள்கின்றன. அதே நாட்களில் அதே நீரில் சுத்தியல் இறங்குவதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. பைல் அடிப்புக்கும் அந்த 61 நாள் தடை பொருந்த வேண்டும். மற்ற மாதங்களில் எடுக்கப்படும் ஒலி அளவுகளை வாரந்தோறும் தமிழில் எழுதி, பாம்பன், தங்கச்சிமடம் மீனவர்கள் கூடும் இடங்களில் ஒட்ட வேண்டும்.