ரேசரை முன்வைத்து ஒரு மறுப்பு

‘மரபார்ந்த ஈரச்சவரம்’ என்றொரு தொடர் அண்மைக்காலமாக நம் இலக்கிய நண்பர்களின் பேச்சிலும் எழுத்திலும் புழங்குகிறது. இருபக்க பிளேடு பொருத்தும் பழைய ரேசரைக் கொண்டு, பிரஷ்ஷால் நுரை கூட்டி, நிதானமாக முகம் மழித்துக்கொள்வதற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் இது. ஜெர்மானிய ரேசர், வளைக்கரடி முடியில் கட்டிய பிரஷ், சந்தனம் மணக்கும் இத்தாலியக் களிம்பு, இவற்றை மாட்டிவைக்க ஓர் எஃகுத் தாங்கி என ஆயிரக்கணக்கில் செலவிட்டுவிட்டு, ‘தாத்தாக்களின் மரபுக்குத் திரும்புகிறோம்’ என்று எழுதுகிறார்கள். கட்டுரையின் நெற்றியில் 280ஆம் குறளை ஒட்டிவைப்பதும் வழக்கமாகிவிட்டது. கூடாவொழுக்கம் அதிகாரத்தில் வரும் அக்குறள், பொய்த்துறவியரின் மொட்டைத் தலையையும் சடைமுடியையும் பற்றியது. இல்லறத்தானின் தாடையோடு அதற்கு எவ்வித உறவும் இல்லை. தமிழ் கற்பித்துப் பிழைப்பவர்கள் என்ற உரிமையில் இதைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறோம்.

கருவியோடு நமக்குப் பகை இல்லை. நம் மாணவர்களுக்கு நாம் பரிந்துரைப்பதும் அதே ரேசரைத்தான். நம் மறுப்பெல்லாம் ‘மரபு’ என்ற சொல்லுக்கும், அச்சொல்லின் பெயரால் அவர்கள் கேட்கும் விலைக்கும்தான்.

கில்லெட் தம் நிறுவனத்தைத் தொடங்கியது 1901இல். 1903இல் சரக்கு கடைக்கு வந்தபோது அவ்வாண்டு முழுவதும் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும். 1904இல் காப்புரிமை கிடைத்தது. ரேசர் விற்பனை 90 ஆயிரத்தைத் தாண்டியது. முதல் உலகப்போரின்போது படைவீரர்களுக்கு வழங்கவென்று அமெரிக்க அரசு 35 லட்சம் ரேசர்களை வாங்கியது. மெல்லிய தகட்டைச் சில நாள் பயன்படுத்தி எறியச்செய்து, மறுபடியும் வாங்கவைப்பதே அவர் கண்ட சூத்திரம். இதில் எந்தத் தாத்தாவின் மரபு ஒளிந்திருக்கிறது?

தாத்தாக்களின் மரபு வேறு. தமிழகத்தின் பிற சிற்றூர்களைப் போலவே கள்ளக்குறிச்சிச் சீமையிலும் சவரம் என்பது ஒரு சாதியின் கடமையாக இருந்தது. அடப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாவிதர் வருவார். கொல்லையிலோ மரத்தடியிலோ குந்தியிருந்து மழிப்பார். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நின்று நெல்லுக்குக் கையேந்துவார். அவரே ஊரின் ரணவைத்தியர். அவர் வீட்டுப் பெண்ணே மருத்துவச்சி. ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் அவர்கள் கையில் பிறந்தும், வீட்டு நிலைப்படியைத் தாண்ட அவர்களுக்கு உரிமை இருந்ததில்லை. தமிழில் ‘குடிமகன்’ என்ற சொல்லுக்கு நாவிதர் என்றொரு பொருள் உண்டு என்பதை இன்றைய மாணவர்களுக்குச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். நாட்டுக்கு உரியவனைக் குறிக்கும் சொல்லே ஊருக்கு ஊழியம் செய்யக் கட்டுண்டவனையும் குறித்தது. அந்தக் குடிமகனின் கத்தியோ சேரிக்குள் நுழையக்கூடாது என்பது ஊர்க்கட்டு. ஆக, ஒருவன் தொட்டே ஆகவேண்டும், இன்னொருவனைத் தொடவே கூடாது. இதுதான் மரபு. இந்த மரபில் யாரும் தியானம் செய்துகொண்டிருக்கவில்லை.

காந்தி தம் சத்திய சோதனையில் ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார நாவிதர் அவருக்கு முடிவெட்ட மறுத்துவிட, கத்தரி வாங்கிவந்து கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார், பின்மண்டை அலங்கோலமானது, நீதிமன்ற நண்பர்கள் சிரித்தார்கள். முக்கியமானது அதன்பின் அவர் சொல்வது. அந்த நாவிதர்மேல் அவருக்குக் கோபமில்லை. தீண்டப்படாதோருக்கு ஊழியம் செய்ய நம் நாவிதர்களை நாம் விடுவதில்லையே, அதன் பலனை இங்கே அனுபவிக்கிறேன் என்கிறார். தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்வது இந்நாட்டில் எத்தகைய செயல் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதியதாக நாம் அறியோம். பாதுகாப்பு ரேசர் மரபின் எச்சம் அன்று. மரபை அறுத்த கருவிகளுள் ஒன்று. சேரிக்காரரின் கையில் அது ‘உன் தயவு வேண்டாம்’ என்றது. நாவிதரிடம் ‘கொல்லைப்புறத்தில் குந்தவேண்டாம், கடை போடு’ என்றது.

2019இல் தனி மாவட்டமான இந்தச் சீமையின் மேற்கே நிற்கும் கல்வராயன் மலை, நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்தும் ஜாகிர்தார்களின் கையில் இருந்து, 1976இல்தான் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. அங்கிருந்து இறங்கிவரும் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லும் நம்மால் ‘மரபு’ என்ற சொல்லை வாசனைத் திரவியம்போல் தெளித்துக்கொண்டு திரிய இயலாது.

மறுபுறம் கார்ட்ரிட்ஜ் வணிகம். 1971இல் இரண்டு பிளேடு, 1998இல் மூன்று, 2006இல் ஐந்து. பழைய பிளேடு, காப்புரிமை 1921இலேயே காலாவதியாகிவிட்டதால், இன்று எந்த நிறுவனத்துடையதாயினும் எந்த ரேசரிலும் பொருந்தும். கார்ட்ரிட்ஜோ அதனதன் கைப்பிடிக்கு மட்டுமே அடிமை. பூட்டை மலிவாக விற்றுவிட்டுச் சாவிக்கு ஆயுள் முழுக்க வாடகை வாங்குவதற்கு ஒப்பானது இது. இந்தியருக்கென்று முன்பு ஒரு ரேசரைக் கொண்டுவந்தபோது அந்நிறுவனம் அதை அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் பயின்ற இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்ததாம். அவர்கள் மெச்சினார்கள், இங்கே வந்ததும் அடைத்துக்கொண்டது. திறந்தால் கொட்டும் குழாய்நீரில் அலசியவர்கள் அவர்கள். ஒரு குவளைத் தண்ணீரோடு தரையில் உட்கார்ந்து மழிப்பவர்கள் நாம். பிறகுதான் 2010இல் 15 ரூபாய் ரேசரும் 5 ரூபாய் கார்ட்ரிட்ஜுமாக ஒற்றை பிளேடுக்கே இறங்கிவந்தார்கள்.

விடுதி மாணவர்கள் செய்வதைப் பாருங்கள். நூறு ரூபாயைத் தாண்டும் கார்ட்ரிட்ஜ் ஒன்றை மாதக்கணக்கில் தேய்க்கிறார்கள். அதைவிடக் கொடுமை, ஓர் அறையில் நால்வர் பகிர்ந்துகொள்கிறார்கள். கல்லீரலைத் தின்னும் ஹெபடைடிஸ் பி ரேசர் வழியே பரவக்கூடியது என்பது அவர்கள் பாடத்திட்டத்தில் இல்லை போலும். இரண்டு மூன்று ரூபாய் பிளேடை எவரும் இரவல் கேட்பதில்லை. வாரம் ஒன்று, ஒன்று 3 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 156 ரூபாய். உள்ளூர்க் கடையில் கிடைக்கும் சாதாரண ரேசர், நைலான் பிரஷ், சவர சோப்பு ஆகியவற்றுக்கு முதல் செலவு 300 ரூபாய்க்குள் அடங்கும். அதற்குமேல் கேட்பவன் அழகியலை விற்கிறான்.

கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். முகத்தைக் கழுவி இரண்டு நிமிடம் ஈரமாகவே விடவேண்டும். உலர்ந்த மயிர் கம்பிக்கு நிகர். மலைநீரில் பொங்கும் நுரை சமவெளியின் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் எழாது; சோப்பின் மேல் பழி போடாமல், குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீரில் அரைக்குவளை எடுத்துக்கொள்ளவும். தாடி எத்திசையில் வளர்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். கழுத்தில் அது பெரும்பாலும் பக்கவாட்டில் ஓடும். முதல் வாரம் அத்திசையிலேயே மழிக்க வேண்டும். எதிர்த்திசை ஆசை பிறகு. ரேசரைத் தோலுக்கு ஏறத்தாழ 30 பாகையில் சாய்த்து, மறுகையால் தோலை இழுத்துப் பிடித்து, ஓரங்குல நீளத்துக்குமேல் ஓட்டாமல் இழுக்கவும். அழுத்தக்கூடாது. கார்ட்ரிட்ஜ் பழக்கிய கெட்ட வழக்கம் அழுத்துவது. இங்கே ரேசரின் எடையே போதும், காதருகே மெல்லிய கரகரப்பொலி கேட்டால் கோணம் சரி. முடிந்ததும் நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய படிகாரக் கட்டியை ஈர முகத்தில் தேய்த்துக் கழுவுங்கள். எங்கே எரிகிறதோ அங்கே கை அழுந்தியிருக்கிறது. படிகாரத்தைவிட நேர்மையான ஆசிரியர் நம் கல்லூரிகளில் குறைவு.

கைநடுக்கம் உள்ள முதியவர்களுக்குக் கார்ட்ரிட்ஜே ஏற்றது, அதை மறுக்கவில்லை. ‘எல்லோரும் தாமே மழித்துக்கொண்டால் சலூன்காரர் என்ன செய்வார்?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். விலைப்பட்டியல் தொங்கும் கடையில் அவர் ஒரு தொழில்முனைவர். வாடிக்கையாளருக்கொரு புதிய அரை பிளேடு பொருத்திக் கூலி வாங்குகிறார். முடிவெட்ட நாம் அவரிடம்தான் போகிறோம், போவோம். அந்தக் கடையின் நாற்காலியில் யாரெல்லாம் உட்காரலாம் என்று சில ஊர்களில் இன்னும் தெருவைக் கேட்டு முடிவுசெய்கிறார்களே, அதைப்பற்றி நம் ஈரச்சவர நண்பர்கள் ஒரு பத்தி எழுதினால் நன்றியோடு வாசிப்போம்.

கடைசியாக ஒன்று. பழைய பிளேடைக் குப்பைத்தொட்டியில் வீசுகிறார்கள். அந்தக் குப்பையைப் பிரிப்பது உறையில்லாத ஒரு தூய்மைப் பணியாளரின் கை. தகர டப்பாவின் மூடியில் உளியால் ஒரு கீறல் போட்டு, அதற்குள் பிளேடுகளைச் சேர்த்துவைக்கவும். வாரம் ஒன்று வீதம் அது நிறையப் பல ஆண்டுகள் ஆகும்; நிறைந்ததும் கீறலைத் தட்டி மூடி, பழைய இரும்புக்காரரிடம் உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லிக் கொடுத்துவிடலாம்.