பிள்ளைகள் ஏறுகிற கெப்புக்கு வெல்டிங் போதாது

பதிவு கொஞ்சம் நீளம். கெப் வைத்திருப்பவர்களும், பிள்ளையைக் கெப்பில் ஏற்றி அனுப்புகிறவர்களும் கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் வீட்டு வண்டியை கிண்ணியாவில் பலருக்குத் தெரியும். 1994ஆம் ஆண்டு ஹைலக்ஸ், எல்.என். 85. வாப்பா மீன் ஏற்ற எடுத்தது. இரவில் மீன் பெட்டி, காலையில் வேன் வராத நாட்களில் அயல்வீட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் ஒன்றுதானே, நாங்களும் அங்கேதான் போகிறோம் என்று ஏற்றிக்கொள்வோம்.

போன தவணையில் ஒரு நாள், பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, சந்தியில் ஸ்டியரிங்கை ஒடித்ததும் "டப்" என்று ஒரு சத்தம். முன்பக்கம் நிலத்தில் குந்திவிட்டது. இறங்கிப் பார்த்தால் இடது சில்லு வெளியே சாய்ந்து கிடக்கிறது. கீழ் போல் ஜொயின்ட் கழன்றுவிட்டது. வேகம் ஓட்டமும் நடையுமாகப் போகிற அளவுதான். அரை மணித்தியாலத்துக்கு முன்னால் பின்னால் எட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள்.

இதில் எங்கள் பிழையை முதலில் சொல்லிவிடுகிறோம். அந்த ஜொயின்ட் ஆடுகிறது என்று எங்களுக்குத் தெரியும். ஒரு கராஜில் காட்டினோம். "புதுசு எதுக்கு மாஸ்டர், வெல்டிங் வைத்து இறுக்கித் தாறன்" என்றார்கள். காசு மிச்சம் என்று நாங்களும் தலையாட்டினோம். படித்து என்ன பிரயோசனம்?

போல் ஜொயின்ட் என்பது ஒரு கிண்ணத்துக்குள் சுழலும் இரும்புப் பந்து. சில்லு திரும்புவதும் ஏறி இறங்குவதும் அந்தப் பந்தின் மேல்தான். பந்தையும் கிண்ணத்தையும் கடினப்படுத்தித்தான் கம்பனியில் செய்கிறார்கள். வெல்டிங் சூடு பட்டால் அந்தக் கடினம் போய்விடும், உள்ளே இருக்கிற கிரீஸ் எரியும், மேலே மூடியிருக்கும் ரப்பர் உருகும். ரப்பர் போனால் உப்புத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். இறுக்கமாக இருப்பது போல் சில வாரங்கள் தெரியும், அவ்வளவுதான். 2005இல் டொயோட்டா அமெரிக்காவில் டகோமா, துண்ட்ரா உட்பட 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைத் திருப்பி அழைத்தது இதே முன் கீழ் போல் ஜொயின்டுக்காகத்தான். தயாரிக்கும்போது பந்தின் மேல் விழுந்த கீறல்தான் காரணம். கீறலுக்கே அந்தப் பாடு என்றால் வெல்டிங்குக்கு என்ன சொல்வது?

லீவு விட்டதும் வளவில் வைத்து முன்பக்கம் முழுவதையும் கழற்றினோம். மச்சான் கட்டாரில் கராஜில் வேலை செய்தவர், அவர்தான் தலைமை. மேல் கீழ் போல் ஜொயின்ட் நான்கு, ஆர்ம் புஷ், டை ரொட் என்ட், ஷொக் எல்லாம் புதிது. பழைய புஷ்ஷைக் கழற்றவே இரண்டு நாள் போனது. மீன் பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீர் வருஷக்கணக்காகச் செய்த வேலை அது. கடல் பக்கத்து வண்டிகளை நல்ல தண்ணீரால் அடிப்பக்கமும் கழுவ வேண்டும் என்று வாப்பா சொல்லும்போது நாங்கள் சிரித்திருக்கிறோம்.

வீட்டில் செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். இந்த வண்டிகளில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் இல்லை, சேஸி ஓரமாக நீளும் டோர்ஷன் பார்தான் முறுகி எடையைத் தாங்குகிறது. முறுக்கைத் தளர்த்தாமல் ஜொயின்டில் கை வைத்தால் ஆர்ம் அடித்துவிடும். தளர்த்துவதற்கு முன் போல்ட் எவ்வளவு உள்ளே இருந்தது என்று அளந்து எழுதிவையுங்கள். இடது வலது பார்களை மாற்றிப் போடக்கூடாது, அவற்றின் முனையிலேயே அடையாளம் இருக்கும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போக வேண்டாம், ஸ்டாண்ட் வையுங்கள்.

மச்சான் சொல்லித்தந்ததில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆர்ம் புஷ்ஷின் நட்டை வண்டி தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக்கூடாது. சில்லைப் பூட்டி, வண்டியை நிலத்தில் இறக்கி, அதன் எடையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும். புதுப் புஷ் போட்டும் ஆறு மாதத்தில் போய்விட்டது என்று கடைக்காரரை ஏசுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் அலைன்மென்ட் கட்டாயம்.

இன்னொன்று. பாரம் ஏற்றி முன்பக்கம் இறங்கிவிட்டது என்று டோர்ஷன் பாரை முறுக்கி உயர்த்துகிறோம். பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் ஜொயின்ட் எந்நேரமும் சரிந்த கோணத்தில் வேலை செய்யும், தேய்வும் கூடும்.

செலவு வலிக்கத்தான் செய்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இன்றைய வரியோடு புதிய கெப் நம்மில் எத்தனை பேரால் எடுக்க முடியும்? நம் தெருக்களில் இந்தக் கிழட்டு வண்டிகள்தான் இன்னும் ஓடப்போகின்றன. புகைப் பரிசோதனை புகையை மட்டும்தான் பார்க்கும். போல் ஜொயின்டை யாரும் பார்ப்பதில்லை.

2021 நவம்பர் 23, குறிஞ்சாக்கேணி. நாம் யாரும் மறக்கவில்லை. பாலம் கட்டும் காலத்தில் ஓடிய மிதப்புப் பாதையில் போன நம் பிள்ளைகள். யார் அனுமதி கொடுத்தது என்று அன்று எல்லோரும் கேட்டோம், கேட்டது சரிதான். ஆனால் எங்கள் வளவில் நின்ற கெப்புக்கு அனுமதி கொடுத்தது நாங்கள். அந்த எட்டு வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். ஒரு உம்மா எதுவும் பேசாமல் தேத்தண்ணி தந்தார். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் கஷ்டமாக இருந்தது.

பரிசோதனை சின்ன வேலை. முன் சில்லை நிலத்திலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் போல் ஜொயின்டோ பெயாரிங்கோ. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் ஸ்டியரிங் பக்கம். டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பும்போது "டொக்" என்று அடித்தால் அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். மீனையும்தான்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் வளவில் ஜக்கும் ஸ்டாண்டும் கடப்பாரையும் இருக்கும், மச்சானும் இருப்பார். கெப்பைக் கொண்டு வாருங்கள், பத்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லலாம். காசு வேண்டாம். மீன் பெட்டியை மட்டும் இறக்கிவிட்டு வரவும்.