வானுக்கு எதற்கு விளக்கு?



ஓரிரவு இஷாத் தொழுகைக்குப் பின், எங்கள் மதரஸா மாணவர்களுக்கு நட்சத்திரங்களைக் காட்ட மாடிக்கு அழைத்துச் சென்றேன். வானில் மேகமில்லை. ஆயினும் ஐந்தாறு புள்ளிகளே தென்பட்டன. "நட்சத்திரங்கள் எங்கே, ஹஜ்ரத்?" என்றான் ஒரு சிறுவன். அப்போதுதான் எங்கள் வாசல் விளக்கைக் கவனித்தேன். அதன் ஒளியில் ஒரு பகுதியே தரையில் விழுந்தது. எஞ்சியது வானுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தோம். மேலும் சில நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன.

தேவையற்ற இடத்தில், தேவையற்ற நேரத்தில், தேவைக்கு மிஞ்சிப் பாயும் வெளிச்சத்தையே ஒளி மாசு என்கிறார்கள். மேலே செல்லும் ஒளி காற்றிலும் தூசியிலும் பட்டுச் சிதறி, ஊருக்கு மேல் வெளிறிய போர்வையாகப் படிகிறது. நீலம் கலந்த வெள்ளொளி அதிகமாகச் சிதறும். உலக மக்களில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் பால்வீதியைக் காண இயலாதோர் என 2016இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

நட்சத்திரம் தெரியாவிட்டால் என்ன நட்டம் என்று சிலர் கேட்கலாம். சென்னைக் கடற்கரையை எண்ணிப் பாருங்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் அங்கு வந்து மணலில் முட்டையிடுகின்றன. சுமார் ஒன்றரை மாதத்தில் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் வெளிவருகின்றன. வெளிச்சமான திசையே கடல் என்பது அவற்றின் இயல்பறிவு. தெருவிளக்குகளோ அவற்றைச் சாலைப் பக்கம் இழுத்துவிடுகின்றன. கடலுக்குப் போக வேண்டிய உயிர், நாய்க்கும் வாகனச் சக்கரத்திற்கும் இரையாகிறது! 1988 முதல் மாணவர் அமைப்பொன்று முட்டைகளைச் சேகரித்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகிறது.

மனிதருக்கும் இதில் பாதிப்புண்டு. உறக்கத்திற்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் என்னும் சுரப்பு, இரவு வெளிச்சத்தால் குறைகிறது.

அதற்காக இருளில் தடுமாற வேண்டுமா? வேண்டியதில்லை. முதியோரும் பெண்களும் நடக்கும் வழிக்கு வெளிச்சம் அவசியமே. அது வழியில் விழட்டும். விளக்கிற்கு மேல்மூடியிட்டுத் தரையை நோக்கித் திருப்புங்கள். கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை பல்புக்குப் பதிலாக, 3000 கெல்வினோ அதற்குக் குறைவோ உள்ள மஞ்சள் ஒளி பல்பை வாங்குங்கள். வீடு உறங்கியதும் மாடி விளக்கையும் அலங்கார விளக்கையும் அணையுங்கள். திருமண வீட்டுச் சீரியல் விளக்குகள் விடியும் வரை எரிவது யாருக்காக? மின்சாரமும் பணமும் வீண்விரயமாவதுதான் மிச்சம்.

ஆற்றில் கலந்த சாயத்தை அகற்ற ஆண்டுகள் பல ஆகும். இந்த மாசோ விளக்கை அணைத்த நொடியில் அகல்கிறது. எங்கள் வாசல் விளக்கிற்கு மூடி போட்டுவிட்டோம். கண் கூசாததால் படிகள் முன்னிலும் தெளிவாகத் தெரிகின்றன. உங்கள் வீட்டு விளக்கு எத்திசை நோக்குகிறது? இன்றிரவே பாருங்களேன்!