யந்திரத்திற்கு மனிதனா? மனிதனுக்கு யந்திரமா?

மனித சரீரத்தின் குறிப்பறிந்து நடக்கும் யந்திரங்கள் இக்காலத்தில் வந்துவிட்டன. நோயாளியின் நெஞ்சில் வைத்துத் தைக்கும் ஒருவகைப் பேஸ்மேக்கர், அவன் நடந்தால் நாடியை விரைவாக்குகின்றது, உட்கார்ந்தால் தணிக்கின்றது. 1924-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்னும் வைத்தியர் மனித மூளையின் மின்னலையைப் பதிவு செய்தார். இன்று கைகால் அசையாதவர்கள் அவ்வலையைக் கொண்டே கம்ப்யூட்டரில் எழுத்துக்களைப் பொறுக்குகின்றார்கள். இதில் மந்திரமுமில்லை, தெய்வ அருளுமில்லை. எல்லாம் மனித புத்தியே.

சரி, இந்தப் புத்தி எண்ணூர் நெட்டுக்குப்பத்துப் பக்கம் வந்ததா என்று கேட்கின்றோம். 2023 டிசம்பர் 26 இரவு, அடுத்துள்ள பெரியகுப்பம் கடலில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. உறங்கிய ஜனங்களுக்குக் கண் எரிந்தது, மூச்சு முட்டியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். ஊராருக்கு ஆபத்தை அறிவித்த கருவி அவரவர் நுரையீரலே!

ஒருவனுடைய நெஞ்சுக்கு யந்திரம் இணங்குமானால், ஓர் ஊரின் மூச்சுக்கு ஆலைக்குழாய் ஏன் இணங்கக்கூடாது? காற்றில் விஷமேறினால் தானே வால்வை மூடிச் சங்கூதும் கருவி செய்வது அதைவிடக் கஷ்டமா?

"தலைவிதி" என்பார் சிலர். "தொழில் வளரவேண்டாமா" என்பார் சிலர். விதியானால், பணக்காரர் பங்களா வாசலில் அந்தக் குழாய் ஏன் போகவில்லை? தொழில் வளரட்டும், யார் மூச்சை அடைத்து?

குப்பத்துத் தோழர்கள் கேட்கவேண்டியது நிவாரணப் பிச்சையல்ல. தங்கள் மூச்சுக்குக் கட்டுப்பட்ட யந்திரம்.