கணினித் திரையும் தமிழ்ப் புள்ளியும்

தமிழ் பயில்வார்க்குப் புள்ளியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. புள்ளி நீங்கின் மெய் உயிர்மெய்யாகிவிடும். புள்ளியிட்டால் ஓலை கிழியுமென அஞ்சி நம் முன்னோர் பல ஏடுகளில் அதனை இடாதே விட்டனர். அதனாற் பதிப்பாசிரியர்கள் பட்ட துன்பம் நாம் அறிந்ததே. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் ஐயமற வேறுபடுத்தி எழுத வழி கண்ட வீரமாமுனிவரை (1680–1747) இன்றும் போற்றுகின்றோம். இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற தெளிவு கணினித் திரையிலே மங்குமாயின் அதற்குக் காரணம் யாது? “கிராபிக்ஸ் கார்டு பழையது; புதியது வாங்குக” என்பதே கடைவீதியிற் கிடைக்கும் விடை. அவ்விடை இற்றைநாளிற் பெரும்பாலும் பிழையானது என்பது எனது துணிபு.

யான் இதனை நூலிற் படித்து மட்டும் கூறவில்லை. எங்களூராகிய ஆலங்காயத்தில் என் தாய்மாமன் சிறியதொரு டி.டி.பி. கடை நடத்துகின்றார். மண அழைப்பிதழும் மனுக்களுமே அவர் பிழைப்பு. சென்ற ஆண்டு ஒரு மனுவில் “ஏரிக்கரை” என்றிருக்க வேண்டியது “எரிக்கரை” என்று அச்சாகிவிட்டது. மனுக்காரர் சினந்தார், மாமாவோ தம் கண்ணை நொந்தார். பின்னர், “பணம் போனாற் போகட்டும் தம்பி, எழுத்துத் தெரிந்தாற் போதும்” என்று சொல்லி, ஒரு மாத வருவாயைக் கொடுத்துப் புதிய கார்டு ஒன்றை வாங்கி வந்தார். அதிலே பழைய வி.ஜி.ஏ. துளை இல்லை. விற்றவர் சிறியதொரு மாற்றுக் கருவியைக் கொடுத்து, அதன் வழியே பழைய மானிட்டரை இணைக்கச் சொல்லியிருந்தார். இணைத்த பின் எழுத்து முன்னிலும் மங்கியது! ஒவ்வோர் எழுத்தின் வலப்புறமும் மெல்லிய நிழல் விழுந்தது, புள்ளிகள் கரைந்தன.

இதன் காரணத்தை ஆராயப் புகுந்தேன். ஐ.பி.எம். நிறுவனம் 1987இல் வெளியிட்ட வி.ஜி.ஏ. முறையிற் கணினியின் எண்கள் அப்படியே மானிட்டருக்குச் செல்வதில்லை. கார்டில் உள்ள ஒரு சில்லு அவற்றை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றி அனுப்புகிறது. 1280×1024 பிக்சல் திரையில், வினாடிக்கு 60 முறை படம் மாறும்போது, அச்சில்லு வினாடிக்கு ஏறத்தாழ 10.8 கோடி பிக்சல்களுக்கு ஈடுகொடுக்க வேண்டும். அச்சில்லும் அதனையடுத்த வடிகட்டிகளும் மட்டமாயின் கறுப்புக்கும் வெளுப்புக்கும் இடையிலுள்ள விளிம்பு மழுங்கிவிடும். ஆதலின் 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்திற் கார்டுக்குக் கார்டு எழுத்துத் தெளிவு வேறுபட்டது மெய்யே. மேட்ராக்ஸ் கார்டுகள் அக்காலத்தே தெளிந்த எழுத்துக்குப் பெயர் பெற்றிருந்தன. விளையாட்டில் விரைந்தோடிய வேறு சில கார்டுகளோ எழுத்தை மங்கக் காட்டின. ஆகவே கார்டை மாற்றச் சொல்லும் முதியோரைப் பொய்யர் என்னேன். அவர்கள் கூறுவது கழிந்த காலத்து உண்மை.

1999இல் வந்த டி.வி.ஐ. முறையும், அதன்பின் வந்த எச்.டி.எம்.ஐ., டிஸ்பிளேபோர்ட் ஆகியவையும் எண்களை எண்களாகவே அனுப்ப வல்லன. அங்ஙனம் அனுப்புங்கால் கார்டு பத்தாண்டுப் பழையதாயினும் நேற்று வாங்கியதாயினும் திரையைச் சேரும் எண் ஒன்றே. மாமாவின் கடையில் நிகழ்ந்ததோ வேறு. புதிய கார்டு நீக்கிவிட்ட பழைய வேலையை அந்த மலிவான மாற்றுக் கருவி ஏற்றுக்கொண்டு, பழைய கார்டினும் மோசமாகச் செய்தது.

எங்களூரை அடுத்த காவலூரில், ஜவ்வாது மலையின்மேல், 2.34 மீட்டர் ஆடியுடைய தொலைநோக்கி 1986 முதல் நிற்கின்றது. ஆடி எத்துணைப் பெரிதாயினும் இடையிலுள்ள காற்று நடுங்கினால் விண்மீன் பரந்து மங்கித்தான் தோன்றும். மாமாவுக்கு யான் இதைத்தான் சொன்னேன்; அவர் என்னை ஐயத்தோடே பார்த்தார்.

மானிட்டரின் பின்புறத்தைத் துடைத்தபோது டி.வி.ஐ. துளையொன்று மூடியோடே இருக்கக் கண்டேன். சில நூறு ரூபாய்க்குக் கேபிள் வாங்கினோம். ஒரே பக்கத்தை, ஒரே மானிட்டரில், ஒரே கேபிளால், முதலிற் புதிய கார்டிலும் பின்னர்ப் பழைய கார்டிலும் காட்டி, எது எதுவென மாமாவின் மகளைக் கேட்டோம். இருமுறை சரியாகச் சொன்னாள். இருமுறை தவறாகச் சொன்னாள். மாமாவாற் சொல்லவே இயலவில்லை.

மற்றொன்றும் தமிழ் மாணவர் அறியத்தக்கது. ஒற்றைக்கொம்பை எழுத்துக்கு முன்னே கொணர்ந்து நிறுத்துவதும், புள்ளியைத் தலைமேல் வைப்பதும் கார்டின் வேலையல்ல. விண்டோஸ் 2000 முதல் அதனை இயங்குதளமே செய்து வருகின்றது. விளிம்பை மெருகிடும் கிளியர்டைப் முறையும் 2001இல் எக்ஸ்பியோடு வந்த மென்பொருளே.

அங்ஙனமாயிற் புதிய கார்டு வீணோ? அன்று. 3840×2160 பிக்சல் திரை வேண்டுவோர்க்குப் பழைய கார்டு போதாது. ஒற்றை இணைப்பு டி.வி.ஐ. 60 சுற்றில் 1920×1200 அளவோடு நின்றுவிடும். நெருங்கிய பிக்சல்களையுடைய திரையிற் புள்ளி உண்மையிலேயே வட்டமாகத் தோன்றும். ஆயின் அப்பெருமை திரையினுடையது. புதிய கார்டிலும் ஒரு பொல்லாப்பு உண்டு. எச்.டி.எம்.ஐ. வழி இணைத்தாற் சிற்சில வேளை மானிட்டரைத் தொலைக்காட்சியென்று கருதி, 0 முதல் 255 வரை அனுப்ப வேண்டிய நிற அளவை 16 முதல் 235 வரை சுருக்கிவிடும். கறுப்பு சாம்பலாகும். அமைப்பில் ஒன்றை மாற்றினாற் சரியாகும். அதையறியாதார் மீண்டும் கடைக்கு ஓடுவர்.

வி.ஜி.ஏ. ஒன்றே உடைய மானிட்டர் வைத்திருப்போர் முதலில் அதன் ‘ஆட்டோ’ பொத்தானை அழுத்திப் பார்க்க; மானிட்டர் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் நேரத்தை அது சீராக்கும். திரையின் இயற்கையளவிலேயே கணினியின் அளவும் இருக்கின்றதா என்றும் நோக்குக. இவ்விரண்டுக்கும் காசு வேண்டா.

மாமா கார்டைத் திருப்பிக் கொடுக்கச் சென்றார். பெட்டி பிரித்தாகிவிட்டது என்று மறுத்துவிட்டனர். இப்போது அது அவர் மகனுக்கு விளையாட உதவுகின்றது. கடையிற் பழைய கார்டே இருக்கின்றது. சென்ற மாதம் என் கட்டுரையொன்றை அங்கேயே எழுத்துக்கோத்தோம். மூன்று ஒற்றுப்பிழைகளை மாமாவே கண்டெடுத்தார். மூன்றும் என்னுடையவை.