பட்டம் பெற்றால் போதுமா?

“பொறியியல் முடித்தாயிற்று, இனி எதற்கு மேற்படிப்பு?” என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். தறியிலும் வயலிலும் உழைத்து மகளைப் படிக்கவைப்பவர்க்கு ஒவ்வோர் ஆண்டும் பாரமன்றோ? ஆயினும் சற்றே சிந்திப்போம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.எஸ். என்னும் ஆராய்ச்சிப் பட்டம் உண்டு. இதில் பாடங்கள் சில, ஆய்வே பெரும்பகுதி. விடை தெரியாத ஒரு சிக்கலை எடுத்து, வழிகாட்டியின் துணையோடு செய்து பார்த்து விடை காண வேண்டும். மனப்பாடம் இங்கே உதவாது. தகுதி பெற்றோர்க்கு மாத உதவித்தொகை கிடைப்பதால் வீட்டின் பாரமும் குறையும்.

பெண்களால் இயலுமா? 1940களில் கிண்டியில் பொறியியல் பட்டம் பெற்ற முதல் மூன்று பெண்களுள் ஒருவரான பி.கே. திரேசியா, 1971-இல் கேரளத்தின் தலைமைப் பொறியாளரானார். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா சீனிவாசனின் குழு உருவாக்கிய சக்கர நாற்காலி, அமர்ந்திருப்பவரை எழுந்து நிற்கவைக்கிறது. அது 2019-இல் வெளிவந்தது.

தோழியரே, சிறகிழந்து வீழ்ந்த சடாயுவின் நினைவைப் போற்றும் ஊர் நம் திருப்புட்குழி. வீழ்ந்தவரை நிற்கவைக்கும் கல்வி நமக்கு அயலானதன்று. இறைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைக்கலாமா? பெற்றோரே, மகள் ஆய்வு செய்ய விழைந்தால் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்தருளுங்கள்.